கறுப்புக் கொடிக்கு அடியில் கட்டுச்சோறு

அரசாங்கத்தைக் குறை சொல்வதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் எனக்கு இருந்த சிறு படிப்பு முழுவதும் அந்த ஒரு காரியத்துக்கே செலவாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது கூச்சமில்லை. இருபது வயதில் நான் ஓர் அரசாங்கத்தின் போக்கையும், அந்தப் போக்குக்குப் பின்னால் இருந்த உள்நோக்கத்தையும், ஓராண்டுக் காலம் விடாமல் ஆராய்ந்து கண்டித்தேன். பிறகு ஒரு மாலையில், செஞ்சிக் கூட்டு ரோட்டில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்த அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவருக்கு என் கையால் சோறு போட்டேன். இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதை எங்கள் வீட்டில் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். (நான் சொன்னதில்லை. என்னை யாரும் கேட்டதும் இல்லை.)

ஆட்சி மாறிய அடுத்த ஆண்டு அது. சென்னையில் கோட்டைக்குள் புதியவர்கள் போய் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரிலும் கோட்டை உண்டு. மூன்று மலைகளில் பரந்த அந்தக் கோட்டையில் அப்போது வெள்ளாடுகள்தான் ஆட்சியில் இருந்தன, அவற்றின் மீது யாருக்கும் மனக்குறை இல்லை. சென்னையில் இருந்தவர்களின் மீதுதான் குறை. ஏழைகளின் அரசு என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். மலிவு விலையில் அரிசி போடுவோம் என்றார்கள். அந்த அரிசிக்காக, விளைவிப்பவனின் களத்திலிருந்து அரசு சொன்ன விலைக்கு நெல்லைக் கட்டாயமாக எடுத்தார்கள். அதற்கு லெவி என்று பெயர். ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போகக் கூடாது என்று முந்தைய ஆட்சி போட்டிருந்த செக் போஸ்டுகளை, எதிர்க்கட்சியாக இருந்தபோது கண்டித்த இவர்கள், ஆளுங்கட்சியானதும் அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

என் தகப்பனாருக்கு, நாங்கள் அழைக்கும் முறையில் நைனாவுக்கு, செஞ்சி பஜாரில் நெல் மண்டி. எங்கள் நிலமோ அவலூர்பேட்டையையும் தாண்டி, மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம். ஆகவே எங்கள் வயலில் விளைந்த அரிசி எங்கள் அடுப்புக்கு வருவது சட்டப்படி கடத்தல். நாங்கள் சமணர்கள். நைனா எறும்பு மிதிபடாமல் நடக்கிறவர். அந்த மனிதர் செக் போஸ்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அகிம்சையைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுவார்.

நைனாவிடம் கோபம் இருந்தது, வாக்கியம் இல்லை. என்னிடம் வாக்கியம் இருந்தது. கிளை நூலகத்தில் எனக்கு எட்டிய அலமாரிகளை எல்லாம் படித்து முடித்துவிட்டு, எட்டாத அலமாரிகளிலிருந்து நூலகரை எடுத்துத் தரச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்த காலம். செய்தித்தாளின் தலையங்கம், சட்டசபை விவாதம், மானியம், கொள்முதல் எதையும் விட்டதில்லை. பேசுவதற்குத்தான் இடமில்லை. கல்யாணத்துக்கு இருக்கும் பெண் கூடத்தில் உட்கார்ந்து அரசியல் பேச முடியாது. ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு தானாக அமைந்தது. வாக்கியம் என்னுடையது, வாய் நைனாவுடையது.

எதிர்த்தரப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். பெயர் தன்யகுமார். தூரத்து உறவில் அத்தை மகன். பி.ஏ. முடித்துவிட்டு, பஜாரில் ஓர் அச்சகத்தை மேற்பார்த்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் ஆளுங்கட்சிக்காக மேடையில் பேசிக்கொண்டிருந்தவர். கட்சியில் சேர்ந்ததும் கடவுளை விட்டுவிட்டதாகச் சொன்னார். (எங்கள் மதத்தில் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லாததால், விடுவதற்கு அவரிடம் அதிகம் இருக்கவில்லை.) விட முடியாதது ஒன்றுதான். பொழுது சாய்ந்தபின் நாங்கள் உண்பதில்லை. விளக்கைத் தேடி வரும் சிற்றுயிர்கள் சோற்றில் விழுந்து மடியும் என்பதற்காக ஏற்பட்ட நியமம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர் அந்த நியமத்தை மட்டும் மீறியதில்லை. கட்சிக்காரர்கள் கூட்டம் முடிந்து பரோட்டா சாப்பிடும்போது, இவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பகுத்தறிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாராம், வெறும் வயிற்றோடு.

இதில் செஞ்சிச் சமணர்களுக்கு மட்டும் இன்னொரு கஷ்டம் உண்டு. மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. மற்ற ஊர்களில் சூரியன் அடிவானம் வரை இறங்குவதற்குள் நிதானமாகச் சாப்பிட்டு மோர் குடித்துவிடலாம். எங்கள் ஊரில் அது பாதியிலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் அதன்பிறகும் நெடுநேரம் இருக்கும். ஆனால் மலை வாங்கிவிட்டால் பொழுது முடிந்தது என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வாதம் இப்படித்தான் தொடங்கும்.

"இன்னாப்பா தன்யா, பட்டணத்துல மலிவா அரிசி போடறாங்களாமே. செஞ்சியில ஏழையே இல்லியா?"

"எல்லா எடத்துக்கும் வரும் மாமா. எடுத்தவொடனே முடியுமா?"

"பட்டணத்துல கூட்டம் ஜாஸ்தி. கூட்டம் ஜாஸ்தின்னா ஓட்டு ஜாஸ்தி. அதான் அங்க மொதல்ல."

இது என் வாக்கியம். தன்யகுமாருக்கு அது தெரியும். நைனாவைப் பார்த்துக்கொண்டே, ஆனால் சமையற்கட்டுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி பதில் சொல்லுவார்.

"அம்பது காணி வச்சிருக்கிறவன்கிட்டயிருந்து நெல்லு எடுத்து ஒன்னுமில்லாதவனுக்குப் போடறது தப்பா மாமா?"

நான் கதவோரம் நின்று மெல்லச் சொல்லுவேன். நைனா அதைக் கூடத்துக்குக் கொண்டுபோவார்.

"அம்பது காணிக்காரன் குடுக்கலியே. அவன் மச்சுல ஒளிச்சி வச்சிட்டு உங்க ஆளுங்களுக்கே மாலை போடறான். அஞ்சு காணிக்காரன் வீட்லதான் வந்து அள்றீங்க. சரி, அத்த வுடு. உங்க ஆட்சிக்கு ஏழையோட பசி தீரணுமா, இல்ல ஏழை…"

இந்த இடத்தில் நைனாவுக்கு மறந்துவிட்டது. எழுந்து சமையற்கட்டுக்கு வந்தார்.

"ராஜி, தண்ணி குடும்மா." பிறகு குரலை இறக்கி, "ஏழைக்கு அப்பறம் இன்னா?"

"'வரிசையில நின்னு கும்பிடணுமா?'"

"ஆங்." தண்ணீரைக் குடிக்காமலேயே திரும்பிப்போனார். "இல்ல, ஏழை வரிசையில நின்னு கும்பிடணுமா?"

தன்யகுமார் சமையற்கட்டுப் பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்த பரிசு. பிறகு, "எண்ணத்த வச்சி இன்னா மாமா பண்றது," என்றார். "வயித்துக்கு அரிசி போவுதா இல்லியா, அதப் பாருங்க. பசிக்கு யாரு எண்ணமும் தெரியாது."

"நம்ம தர்மத்துல எண்ணம்தாம்பா வினை. தெரியாம எறும்ப மிதிச்சவனும் வேணும்னு மிதிச்சவனும் ஒன்னா?" இது மட்டும் நைனாவின் சொந்தச் சரக்கு.

அந்தக் கேள்வியிலேயே நாங்கள் மூவரும் ஓராண்டு உட்கார்ந்திருந்தோம். ஓர் அரசு நல்லதைச் செய்கிறது என்றால், அது ஓட்டுக்காகச் செய்தால் என்ன, இரக்கத்தால் செய்தால் என்ன? எண்ணம் கெட்டிருந்தால் காரியமும் நாளடைவில் கெட்டுப்போகும் என்பது என் கட்சி. ஓட்டுக்காகக் கொடுக்கிறவன் ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கொடுப்பான். நன்றியை எதிர்பார்த்துக் கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்றைக்கும் வாங்குகிறவனாகவே இருக்க வேண்டும் என்று விரும்புவான். இதை இன்றைக்கும் நான் சரி என்றே எண்ணுகிறேன். அதன்பிறகு வந்த அரசுகள் எதுவும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்கு உதவி செய்யவில்லை.

விடைபெறும்போது வாசலில் நின்று, தேவைக்கு மேல் உரக்க அவர் சொல்லுவார்: "அடுத்த வாரம் லெவியப் பத்திப் பேசலாம் மாமா." வாரம் முழுவதும் நான் லெவியைப் படிப்பேன். இன்னொரு முறை, "அடுத்த வாரம் கூட்டுறவு சங்கம்." கூட்டுறவு சங்கத்தைப் படிப்பேன். எனக்கு வந்த காதல் கடிதம் என்று ஏதாவது உண்டென்றால் அந்த வாசல் அறிவிப்புகள்தாம். உலகத்தில் கொள்முதல் கொள்கையை நினைத்து முகம் சிவந்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

தை மாதத்தில் அத்தை வந்து முறைப்படி பெண் கேட்டாள். நைனாவுக்கு அவரைப் பிடிக்கும். வாதத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவாவது அவர் சம்மதித்திருப்பார். ஆனால் அந்த வாரம்தான், திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் உணவுத் துறையோடு தொடர்புள்ள அமைச்சர் ஒருவர் செஞ்சியில் நிற்கப் போகிறார் என்று செய்தி வந்திருந்தது. மண்டிக்காரர்களும் விவசாயிகளும் கூடி அவருக்குக் கறுப்புக் கொடி காட்டத் தீர்மானித்திருந்தார்கள். தலைவர் நைனா. வரவேற்பு வளைவு கட்டும் பொறுப்பு தன்யகுமாருடையது.

"இது முடியட்டும்," என்றார் நைனா அத்தையிடம். "இப்ப தட்டு மாத்தினா, பகல்ல கொடி காட்றான், வூட்டுக்குள்ள சம்பந்தம் பேசறான்னு பஜார்ல சிரிப்பாங்க. மந்திரி வந்துட்டுப் போவட்டும். ஊர் மறக்கட்டும். அப்பறம் நானே வந்து சொல்றேன்."

அத்தை சம்மதித்துப் போனாள். ஆக, என் வாழ்க்கை கூடிவருவதற்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு மற்ற பெண்களோடு நின்று, கொடியைப் பிடித்துக்கொண்டு, வேறு எதுவும் செய்யாமல் இருப்பது. ஒன்றும் செய்யாமலிருப்பதில் நான் தேர்ச்சி பெறவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

அமைச்சர் மத்தியானம் வருவதாக ஏற்பாடு. கூட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளிய மரங்களுக்கு அடியில் நாங்கள். அந்தப் பக்கம் தென்னங்கீற்று வளைவு, மேடை, குழாய் ஒலிபெருக்கி, மேளம், அவர்கள். நடுவில் சாலை, சாலையில் போலீஸ். மத்தியானம் போயிற்று. திண்டிவனத்தில் கூட்டம் நீண்டுவிட்டதாகச் சொன்னார்கள். வெயில் சாயத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் சமணர் வீட்டுப் பெண்கள். சூரியனையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என் தாயார் இதை எதிர்பார்த்தே தூக்குவாளிகளில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கொடிகளை மரத்தில் சாத்திவிட்டு, மந்தார இலைகளை விரித்துப் போராட்டக்காரர்கள் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்திபோல் இருந்ததே தவிர, அரசாங்கத்தை உலுக்கப் போகும் கூட்டமாகத் தெரியவில்லை.

"என்னா நயினாரு, மந்திரிக்கு ஏப்பம் வுட்டுக் காட்டப் போறீங்களா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் நைனாவைப் பார்த்துக் கத்தினார்.

"உங்களுக்கு சோடா கூடக் கெடைக்கலியேன்னு வயித்தெரிச்சல்," என்றார் நைனா இங்கிருந்து.

நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதுதான் எதிரே பார்த்தேன். தன்யகுமார் ஏணியில் நின்று, சாய்ந்துவிட்ட வளைவை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே அங்கே இருந்தார். கட்டி முடித்துவிட்டு, ஏணியின் மேலிருந்தபடியே மலையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இனி நாளைக் காலை வரை ஒன்றும் இல்லை என்று ஒரு மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பார்வை அது.

ஒரு தூக்கில் புளிச்சோறு மிஞ்சியிருந்தது. சூரியன் மலையை எட்ட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கிருந்த பெண்கள் எல்லாரும் மண்டிக்காரர்களின் மனைவிகள். சோறு போய்ச் சேருவதற்கு முன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நானே எடுத்தேன். கல்யாணமாகாத பெண் பகிரங்கமாக ஓர் ஆண்பிள்ளைக்குத் தூக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று தெரியக் கூடாது அல்லவா? அதற்கு ஒரு துணி வேண்டும். பக்கத்தில் மரத்தில் சாத்தியிருந்த என் கொடிதான் இருந்தது. குச்சியிலிருந்து கறுப்புத் துணியை அவிழ்த்துத் தூக்கின்மேல் நன்றாகப் போர்த்திக்கொண்டு சாலையைக் கடந்தேன். ஓர் எதிர்ப்பை இத்தனை கவனமாக யாரும் மடித்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் என் அறிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொள்முதல் கொள்கையின் இருபக்க விளைவுகளையும் எடைபோடத் தெரிந்த எனக்கு, கறுப்புத் துணியோடு வரவேற்புக் கூட்டத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பது தோன்றவே இல்லை.

வளைவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏணியில் இல்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் சாலையில் புழுதி எழுந்திருந்தது. வண்டிகள் வந்துவிட்டன. மேளம் ஒலித்தது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியதில் நான் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். அமைச்சர் இறங்கினார். அதே சமயம் ஒரு போலீஸ்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

"யாரும்மா நீ? கறுப்புத் துணியோட இங்க இன்னா வேல? தூக்குல இன்னா வச்சிருக்க?"

கட்சிக்காரர்கள் திரும்பினார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மண்டிக்காரர் பொண்ணுடா. கொடி காட்ட வந்திருக்குது." சுற்றிலும் முகங்கள் மாறின. தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டேன். மேடையைப் பார்த்தேன். தன்யகுமார் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், போலீஸ்காரரின் கையைப் பார்த்தார். அவர் மேடையில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எதைக் கண்டாலும் பேச்சை நிறுத்தக் கூடாது.

"கறுப்புக் கொடி காட்ட வந்த கை," என்று ஒலிபெருக்கி முழங்கியது, "இதோ, கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறது. எதிர்க்க வந்த சகோதரி ஏற்க வந்துவிட்டார். கொடியைச் சுருட்டிவிட்டுக் கொள்கையைத் தழுவிய அந்தச் சகோதரிக்கு வழிவிடுங்கள்."

போலீஸ்காரரின் கை விலகியது. கூட்டம் கைதட்டியது. கூட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரங்களுக்கு அடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும், ஒலிபெருக்கியின் ஒரு குழாய் அவர்களைப் பார்த்தே கட்டப்பட்டிருந்ததால், ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

அமைச்சர் என் எதிரே வந்து நின்றார். வயதானவர். கண்களில் களைப்பு.

"என்னம்மா இது?"

"சோறு," என்றேன்.

ஓராண்டு ஆயத்தம் செய்திருந்த வாய். லெவி, விலை, பட்டணத்துக்கு முன்னுரிமை, வரிசையில் நிற்கும் ஏழையின் மானம், எல்லாவற்றுக்கும் அதில் வாக்கியங்கள் இருந்தன. அரசாங்கமே நேரில் வந்து என்ன என்று கேட்டபோது, சோறு என்றது.

அவர் துணியை விலக்கி மூடியைத் திறந்தார். மணம் வந்தது. "காலையில சாப்பிட்டதும்மா," என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு அப்படியே நின்றபடி கையை விட்டு எடுத்து உண்ணத் தொடங்கினார். நான் தூக்கைத் தாங்கிக்கொண்டு நின்றேன். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார்.

"நல்லாருக்கு. எந்த ஊரு அரிசி?"

இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் உணர்வு வந்தது. "அவலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம்," என்றேன். "உங்க செக் போஸ்டத் தாண்டி வந்த அரிசி, ஐயா."

வாய்க்குப் போன கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். பின்னர் சிரித்தார். "அதான் ருசியா இருக்குது," என்று சொல்லி அந்தக் கவளத்தையும் உண்டார்.

ஓர் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நான் சொன்ன ஒரே கண்டனம் அதுதான். மேளச் சத்தத்தில் அதை அவரைத் தவிர யாரும் கேட்கவில்லை.

வண்டிகள் போன பிறகு தன்யகுமார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். தூக்கு காலியாக இருந்தது. மலை சூரியனை வாங்கிவிட்டிருந்தது. வானம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"இன்னா வேல பண்ண ராஜி? யாருக்கு எடுத்துக்கினு வந்த?"

காலித் தூக்கின் மூடியைப் போட்டேன். தூக்கைப் பார்த்தார். பிறகு, ஏணிமேலிருந்து பார்த்ததுபோலவே, மலையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அவ்வளவு பேசும் மனிதர், அந்த ஒரு தருணத்தில் மட்டும் எதுவும் பேசாமல் நின்றார். எனக்கு ஆயுளுக்கும் போதும் என்று அப்போது நினைத்தேன். போதவில்லை.

"மைக்குல அப்படிச் சொல்லலன்னா போலீஸ் இழுத்துக்கினு போயிருப்பான்," என்றார் கடைசியில்.

"தெரியும்."

"மாமா கேட்டிருப்பாரு."

"எல்லாரும்தான் கேட்டாங்க."

சாலைக்கு அந்தப் பக்கம் நைனா நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் கொடி இன்னும் உயர்ந்தே இருந்தது. கீழே இறக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நைனா கொடியோடேயே வீட்டுக்கு நடந்தார். கூடத்தில் உட்கார்ந்து, "ஏன் போன?" என்றார்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஓர் ஆண்பிள்ளைக்குச் சோறு கொண்டுபோனேன் என்று சொல்லலாம். சொன்னால் அத்தை வீட்டு மானமும் எங்கள் வீட்டு மானமும் சேர்ந்து போகும். சம்பந்தம் பேசி முடியாத நிலையில் அது அவரையும் கெடுக்கும். மற்றொரு வழியைத் தன்யகுமார் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தார்.

"அவங்க எண்ணம் நல்லதுன்னு பட்டுது நைனா," என்றேன்.

அவர் முகத்தில் வந்தது கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. வாக்கியம் மறந்து சமையற்கட்டுக்கு வருவாரே, அந்த முகம்தான் வந்தது. நான் இம்முறை எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஒரு வருசம் நீ சொன்னதத்தான் நான் பேசினேன். இப்ப நான் இன்னாத்தப் பேசறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

பஜாரில் சிரித்தார்கள். "மந்திரிக்கு மண்டிச் சோறு புடிச்சிருந்துதாமே," என்று மண்டிக்கே வந்து கேட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. நான் குனிந்திருந்ததால் பயபக்தியோடு பரிமாறுவதாகத் தெரிந்தது. அடுத்த வாரம் அத்தை வந்தபோது நைனா மரியாதையாகவே மறுத்தார். "கட்சியில இருக்கிறது தப்பில்லம்மா. என் பொண்ணோட புத்தியையே மாத்திட்டான். இன்னிக்கி புத்திய மாத்தினவன் நாளைக்கி எதை மாத்துவான்னு எனக்குத் தெரியல." புத்தி மாறவே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பின் ஏன் போனாய் என்ற கேள்வி வரும். ஓராண்டுக் காலம் ஓர் அரசாங்கத்தின் காரியத்துக்குப் பின்னால் என்ன எண்ணம் என்று தோண்டிக்கொண்டிருந்தேனே, என் காரியத்துக்குப் பின்னால் என்ன எண்ணம் என்பதை என் வீட்டில் ஒருவரும் தோண்டவில்லை. வெளியே தெரிந்ததையே நம்பிக்கொண்டார்கள். அதற்கு நான் நன்றி சொல்வதா, வருந்துவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

தன்யகுமார் இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நைனா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வாதம் இல்லை. சமையற்கட்டில் தண்ணீர் கேட்டு யாரும் வரவில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தவர், வாசலுக்குப் போகும் முன் நின்று, கூடத்தைப் பார்க்காமல் சமையற்கட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னார்: "லெவி விசயத்துல நீங்க சொன்னதுதான் சரி. அஞ்சு காணிக்காரன்தான் குடுக்கறான். கட்சிக் கமிட்டியில சொன்னேன். யாரும் கேக்கல."

செய்தித்தாள் அசையவில்லை. அவர் எங்களிடம் தோற்றுப்போய் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார். நானோ ஊரறிய அவர் கட்சிக்குப் போய்விட்டிருந்தேன். அவர் வாசலுக்குப் போனார். அடுத்த வாரம் எதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்துப் போனார் என்றார்கள். கட்சியை விட்டார் என்றார்கள். கல்யாணம் ஆயிற்று என்றார்கள். நைனா அதன்பின் அரசியல் பேசுவதையே குறைத்துக்கொண்டார். லெவி, செக் போஸ்ட் எல்லாம் காலப்போக்கில் போயின. அவர் அவற்றைக் கொண்டாடவும் இல்லை.

வைகாசியில் என்னை வந்தவாசிப் பக்கத்துக் கணக்கு ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவசரமாகக் கொடுத்தார்கள். அவர் நல்லவர். என் படிப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். செய்தித்தாளை நான் முதலில் படித்த பிறகே தாம் படிப்பார். ஒரே ஒரு குறை. அரசாங்கத்தைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று உடனே ஒப்புக்கொண்டுவிடுவார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் என்னோடு சண்டை போடவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாதத்தை ஆரம்பித்து, எதிர்த்தரப்பின் பதிலையும் நானே யோசித்து, அந்தப் பதில் சற்றுக் குரலை உயர்த்திச் சொல்லப்படுவதுபோல் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர் சொல்லியிருக்கக்கூடிய அளவுக்கு அது நன்றாக வருவதில்லை.

கதை என்னோடு புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்வது என் கணவரின் உரிமை. யாராவது பேச்சு மாறினால் எங்கள் வீட்டில், "தூக்குத் தூக்கியாச்சா?" என்று கேட்பார்கள். கட்சி மாறும் சட்டமன்ற உறுப்பினரைத் தொலைக்காட்சியில் பார்த்தால் என் பேரன்கள், "பாட்டி, உங்க ஆளு," என்பார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் என் கணவர் அதை ஆரம்பத்திலிருந்து நடித்துக் காட்டுவார். ஒலிபெருக்கிக் குரலை அவர் செய்தால் குழந்தைகள் உருண்டு சிரிக்கும். முடிவில் அவரே சேர்த்துக்கொண்ட ஒரு வரி உண்டு.

"அந்த ஆளு மட்டும் அன்னிக்கி மைக்குல கத்தலன்னா, உங்க பாட்டிய எனக்குக் குடுத்திருக்கவே மாட்டாங்க. அவரைப் பாத்தா ஒரு வேளை சோறு போடணும்டா. கடன்பட்டிருக்கேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நேரம் தவறாமல் சிரிக்க எனக்குப் பழகிவிட்டது.

சென்ற தேர்தலின்போது அத்தை வழி உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தன்யகுமார் சென்னையில் காலமான செய்தியைச் சொன்னார். என் கணவர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, "யாரு தெரியுதா?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். "பாட்டி கதையில மைக்குல பேசினாரே, அவருதான்."

பிறகு என் பக்கம் திரும்பி, உண்மையான வருத்தத்தோடு, "பாரேன் ராஜி," என்றார். "கடைசி வரைக்கும் அந்த மனுசனுக்கு ஒரு வேளை சோறு போட முடியாமப் போச்சு."